ரேஸ் ஆயிலாம், சான்றிதழ் மட்டும் இல்லையாம்: பிஎஸ்6 டீசல் கார்க்காரர்கள் கவனத்துக்கு

வெளி மெக்கானிக் கடையில் ஆயில் மாற்றும் டீசல் கார்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் போடவில்லை, இந்த வியாபாரம் பல இடங்களில் நடக்கிறது.

என் காரின் கையேடு ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்கள் சங்கம்) வகுத்த சி3 தரத்தில், 5டபிள்யூ-30 என்ற பாகுத்தன்மை கிரேடு ஆயில் கேட்கிறது. அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் வண்டியை விட்டேன். எடுக்கப் போனால் பில்லில் "பிரீமியம் ஃபுல்லி சிந்தெடிக்" என்று மட்டும் இருந்தது, வழக்கமான தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்டதற்கு, "சார், இது ரேஸ் வண்டிக்கு ஊத்துறது, சி3 எல்லாம் இதுக்குக் கீழ" என்றார் முதலாளி.

மீதி ஆயிலைக் கேனோடு டிக்கியில் வைத்திருந்தார்கள். லேபிளைப் படித்தால் தரம் சி3 இல்லை, ஏசிஇஏவின் இன்னொரு தரமான ஏ3/பி4! கீழே பெரிய கார் கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக, எல்லாவற்றுக்கும் "ஏற்றது", "தேவையை மிஞ்சியது". கார் கம்பெனி தந்த அப்ரூவல் ஒன்றுகூட இல்லை. மெர்சிடிஸின் 'எம்பி-அப்ரூவல் 229.52' போன்ற ஒன்றைப் போட வேண்டுமானால் ஆயிலைச் சோதித்து முடிவுகளை அந்தக் கம்பெனியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் பெற்றவற்றின் பட்டியலை அவர்களே இணையத்தில் போடுகிறார்கள், நாமே சரிபார்க்கலாம். "ஏற்றது" என்று அச்சடிக்க யார் அனுமதியும் வேண்டாம். ஏசிஇஏ தரம்கூட ஆயில் கம்பெனி தன் பொறுப்பில் சொல்லிக்கொள்வதுதான்.

சி3 ஆயிலில், எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ3/பி4-இல் அதைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். ஆயில் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். ஒரு தடவை ஊற்றியதும் அடைத்துவிடாது, அந்த அளவுக்குப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் வண்டி வாரண்டியில் இருக்கிறது. நாளைக்கு டிபிஎஃப் விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பதே என்ன ஆயில் என்பதுதான். இந்தப் பில்லைக் காட்டி என்ன சொல்வது?

திரும்பப் போய்க் கேட்டேன். சான்றிதழ் வாங்க ஏகப்பட்ட செலவாம், சின்னக் கம்பெனியால் முடியாதாம். செலவுதான், மறுக்கவில்லை. அப்படியானால் அந்தச் செலவு இல்லாத ஆயிலுக்கு என்னிடம் எதற்கு அதிக விலை? வடிகட்டியே இல்லாத பழைய அம்பாசிடருக்கு ஊற்றட்டும், யார் வேண்டாம் என்றது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த சர்வீஸுக்குக் கூலி வேண்டாம் என்றார்கள், அடுத்து அங்கே போனால்தானே!

வேறு கடையில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டேன். இந்த முறை சீல் உடைக்கும் முன் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டேன். பில்லில் பிராண்ட், கிரேடு, அப்ரூவல் எண் மூன்றையும் எழுத வைத்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள்.