பழைய கல்யாண ஃபுட்டேஜ்: டிஸ்க் மட்டும் போதுமா, டேப்பும் வேண்டுமா?

நாகர்கோவிலில் எங்கள் ஸ்டூடியோ முடித்துக் கொடுத்த கல்யாணங்களின் ரா ஃபுட்டேஜை, அதாவது எடிட் செய்யாத மூல வீடியோவை, யாரும் லேசில் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால், "அப்பா பேசினது எதாவது கிடக்கா அண்ணா?" என்று போன் வரும். அப்போது இல்லை என்று சொல்ல மனம் வராது.

எல்லாவற்றையும் நாஸ் பெட்டியிலேயே (பல ஹார்ட் டிஸ்க்குகளைப் போட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வைப்பது ஒரு வழி. நடப்பு வேலையை டிஸ்க்கிலும் பழையதை டேப்பிலும் வைப்பது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதற்குப் போனோம்.

வேகத்தில் டிஸ்க்தான், பேச்சே இல்லை. எல்டிஓ என்பது கம்ப்யூட்டர் கோப்புகளைச் சேமிக்கும் காந்த நாடா வகை. அதன் எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 கேட்ரிட்ஜுக்குள் 960 மீட்டர் நாடா; கோப்பைத் தேடி அது ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். டேப்பில் எழுதவும் படிக்கவும் வேண்டிய டிரைவின் விலையும் லட்சங்களில். சேர்ந்திருப்பது சில டெராபைட்தான் என்றால் டேப் பக்கமே வர வேண்டாம்.

எங்களைத் திருப்பியது பராமரிப்பு. யாரும் தொடாத ஃபுட்டேஜுக்காகவும் நாஸில் டிஸ்க் சுழல்கிறது, கரண்ட் ஓடுகிறது. ஐந்தாறு வருடத்தில் டிஸ்க்கை மாற்ற வேண்டிவரும். அதே பழைய கல்யாணத்துக்கு மறுபடியும் காசு. ஒரு டிஸ்க் போனால், தரவைப் பல டிஸ்க்கில் பரப்பி வைக்கும் ரெய்டு காப்பாற்றும், சரி. மின்னலில் பெட்டியே போனால்? அலமாரியில் கிடக்கும் டேப்புக்குக் கரண்டும் வேண்டாம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் அதை எட்டாது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். எல்டிஓ-8 டேப் ஒன்றில் சுருக்காமலே 12 டெராபைட் கொள்ளும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைத் தக்கலையில் சொந்தக்காரர் வீட்டில் வைத்திருக்கிறோம்.

டேப்பையும் சும்மா விட முடியாது. நீண்ட நாள் வைக்க 16 முதல் 25 டிகிரியும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும். ஆடிச் சாரல், ஐப்பசி மழை இரண்டும் பெய்யும் நம்மூரில் அது தானாக அமையாது. இறுக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றும் அவசியம். வேறிடத்திலிருந்து கொண்டுவந்த டேப்பை உடனே டிரைவில் போடாமல் ஒரு நாள் அறையில் கிடக்க விடுங்கள்.

அப்புறம் தலைமுறைச் சிக்கல். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7, எல்டிஓ-8 டேப்புகளை மட்டும்தான் படிக்கும், எல்டிஓ-6 ஆகாது. பழைய டிரைவ் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வதற்கு முன் இதைப் பாருங்கள். டேப் 30 வருடம் தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் டேப்புகள் இன்னும் இளசு.

எந்தக் கல்யாணம் எந்த டேப்பில் என்ற பட்டியலை டிஸ்க்கிலும் நோட்டிலும் எழுதி வையுங்கள். முகூர்த்தத் தேதியும் மண்டபப் பெயரும் போதும். கேட்டு வருகிறவர்கள் அதைச் சொல்லித்தான் கேட்பார்கள்.