ராத்திரிக்கு ரொட்டியும் சூப்பும்: ஓ.டி.ஜி. வாங்கி வருஷங்கள் கழித்து

ஓ.டி.ஜி. (அவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் ரொட்டி சாப்பிடுவார்களா? கேக்குக்கு மட்டும் என்றால் வேண்டாம். பிறந்தநாள் முடிந்ததும் அது பரணுக்குப் போய்விடும். எங்கள் வீட்டு 30 லிட்டர் அவன் இன்னும் மேடையில் இருப்பதற்குக் காரணம், ஞாயிறு ராத்திரி என்றால் ரொட்டியும் சூப்பும் என்று ஆகிப்போனதுதான்.

மாமியார் லேசில் மசியவில்லை. "ஏம்மா, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று தட்டைப் பார்த்ததும் கேட்டார். நியாயம்தானே? நம் பக்கம் பிரட் என்றாலே காய்ச்சலும் ஆஸ்பத்திரியும்தான் ஞாபகம் வரும். இப்போது மொறுமொறுப்பான ஓரத்துண்டு யாருக்கு என்பதில் அவருக்கும் என் சின்னவனுக்கும் பஞ்சாயத்து.

முதலில் மெஷின். 1500 வாட் என்பதால் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. ஃப்ரிட்ஜ், கீசருக்கு இருக்கிற 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிட்தான், இடையிடையே தெர்மோஸ்டாட் அணைப்பதால் அதுவும் ஆகாது. திருகும் குமிழை மட்டும் நம்பாதீர்கள். 220 டிகிரி என்று வைத்தால் உள்ளே 200-க்கு மேல் ஏறுவதில்லை. உள்ளே வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிய பிறகுதான் ரொட்டிக்கு நிறமே வந்தது. பின்பக்கம் சூடு அதிகம், அதனால் பாதி நேரத்தில் டின்னைத் திருப்பி வைக்க வேண்டும். சின்ன அவனில் ரொட்டி உப்பி மேல் ராடுக்குப் பக்கத்தில் போய்க் கருகிவிடும். 30 லிட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்பது அதற்காகத்தான்.

மேல் ராடு ஒருமுறை போயிற்று. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்து, கடைசியில் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன்தான் மாற்றிக்கொடுத்தார். அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை.

என் அளவு: மைதா 300 கிராம், கோதுமை மாவு 200, தண்ணீர் 340, உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. டம்ளர் கணக்கு இதற்குச் சரிப்படாது, தராசு வேண்டும். முழுக்கக் கோதுமை மாவில் செய்தால் தவிடு குறுக்கே நின்று ரொட்டி கல்லாக இறங்கும். பிசைந்த மாவு கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவரலாம் என்று மேலும் மாவைக் கொட்டினால் போச்சு.

வெளிநாட்டுச் செய்முறைகளில் "ஒன்றரை மணி நேரம் பொங்க விடவும்" என்று இருக்கும். சென்னை மே மாதத்தில் முக்கால் மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கும். மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிற காலத்தில் நான் ஃப்ரிட்ஜ் தண்ணீரில்தான் பிசைகிறேன். அதைவிட நல்ல வழி, ஈஸ்ட்டைப் பாதியாக்கி, சனிக்கிழமை ராத்திரியே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது. மெதுவாகப் புளிப்பதால் ருசியும் கூடும். டிசம்பர் மழையில் நேர் எதிர், அணைத்த அவனுக்குள் ஒரு டம்ளர் வெந்நீரோடு மாவை வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன்.

சூப்பை எப்போது ஆரம்பிப்பது என்பதுதான் சூட்சுமம். ரொட்டி வெளியே வந்ததும் வெட்டக் கூடாது. உள்ளே வேகும் வேலை கொஞ்ச நேரம் தொடரும், அவசரப்பட்டால் நடுவில் பிசுபிசுக்கும். ரொட்டி ஆறுகிற அந்த முக்கால் மணி நேரம் தக்காளி சூப்புக்குக் கச்சிதம். நாட்டுத் தக்காளி அரைக் கிலோ, ஒரு கேரட், ஒரு கை சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, கொஞ்சம் வெண்ணெய், குக்கரில் மூன்று விசில். கேரட்டே புளிப்பையும் அடக்கும், கெட்டியும் கொடுக்கும். கடைகளில் கலக்குகிற சோளமாவு வழவழப்பு எனக்குப் பிடிக்காது. நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸி. சூடாக அரைத்தால் மூடி பறந்து சுவரெல்லாம் தக்காளி. வடிகட்டி, சுடவைத்து, இடித்த மிளகை இறக்கும்போது போடுங்கள். பால் ஊற்றுவதானால் அடுப்பை அணைத்த பிறகு, இல்லாவிட்டால் திரிந்துவிடும். சளி பிடித்த வாரங்களில் இதே குக்கரில் முருங்கைக்கீரை சூப். ரொட்டிக்கு அதுவும் நன்றாகவே பொருந்துகிறது.

உடம்புக்கு நல்லது என்றுதானே வீட்டிலேயே சுடுகிறாய் என்பார்கள். 2016-இல் டெல்லி பிரட் மாதிரிகளைச் சோதித்த சி.எஸ்.இ. (அறிவியல், சுற்றுச்சூழல் மையம் என்ற ஆய்வு அமைப்பு) அறிக்கை வந்து, அதே வருஷம் பிரட் மாவில் சேர்க்கிற பொட்டாசியம் புரோமேட்டுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது உண்மைதான். ஆனால் நான் சுடுவது அதற்காக இல்லை. அந்த மேல்தோல் எங்கள் பக்கத்துக் கடை பாக்கெட் பிரட்டில் கிடைக்காது, அவ்வளவுதான்.

மிஞ்சிய ரொட்டியை வெளியே வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எடுத்ததும் ஐஸோடு அப்படியே தோசைக்கல்லில் போடலாம்.