தாயைப் போல பிள்ளை என்றார்கள், மூன்று குரோம் திறந்தது

பெங்களூர் மாரத்தஹள்ளி பாலத்துக்குப் பக்கத்தில், பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி சொல்லித்தரும் ஒரு பயிற்சி மையம். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். சனி ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், எட்டு வாரம், 9,000 ரூபாய். ஆறு வருடமாக மேனுவல் டெஸ்டிங்கில், அதாவது சாஃப்ட்வேரைக் கையால் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், இனி அந்தச் சோதனையைக் கோடே செய்யும் ஆட்டோமேஷன் தெரியாமல் ஓட்ட முடியாது என்று சேர்ந்தேன்.

முதல் மூன்று வாரம் லூப், ஃபங்ஷன். யூடியூபிலேயே கிடைக்கும், விடுங்கள்.

நாலாவது வாரம்தான் காசுக்கு மதிப்பு. எடுத்தவர் ஓசூர்க்காரர், பேட்ச்சில் பாதிப் பேர் தமிழர் என்பதால் ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் போய் முடிப்பார், அப்புறம் அதையே கன்னடத்தில் இன்னொரு முறை. கிளாஸ் என்றால் கோடில் ஒரு வகைப் பொருளுக்கான அச்சு, அதற்கு அவர் எடுத்த உதாரணம் பெங்களூரின் பிஎம்டிசி டவுன் பஸ். சில்க் போர்டில் வரிசையாக நிற்கும் நாலு 500டி ரூட் பஸ்ஸும் ஒரே கிளாஸ்தான், ஆனால் நம்பர் பிளேட் வேறு, உள்ளே இருக்கும் கூட்டம் வேறு. அந்த நாலும் நாலு இன்ஸ்டன்ஸ். எந்தப் பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்வது செல்ஃப். பிறகு வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து காட்டினார்: பயணிகள் பட்டியலை, ஒவ்வொரு பஸ்ஸும் உருவாகும்போது ஓடும் இனிட்டுக்குள் வைக்காமல் கிளாஸிலேயே வைத்தார். முதல் பஸ்ஸில் ஒருவரை ஏற்றினால் நாலு பஸ்ஸிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார்! இன்ஸ்டன்ஸிடம் அந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால் பைத்தான் கிளாஸில் போய்த் தேடும், அங்கே இருப்பது ஒரே பட்டியல், எல்லோரும் அதிலேயே ஏற்றிக்கொண்டிருந்தோம். இதை நான் இனி மறக்கமாட்டேன்.

ஐந்தாவது வாரம் அவர் லீவு. பதிலுக்கு வந்தவர் எடுத்தது இன்ஹெரிடன்ஸ், அதாவது ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸின் மெத்தடுகளை (அது செய்யும் வேலைகளை) அப்படியே பெறுவது. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை, அவ்வளவுதான்" என்று சொல்லி, போர்டில் அப்பா கிளாஸ், மகன் கிளாஸ், வீடு, நிலம் என்று எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? லாகின் பேஜைச் சோதிக்க எழுதும் கிளாஸுக்கு, பிரவுசரைக் கோடால் இயக்கும் செலினியம் டிரைவரின் மெத்தடெல்லாம் வேண்டுமே, சொத்து வேண்டுமென்றால் பிள்ளையாக்க வேண்டியதுதானே என்று, குரோம் டிரைவரின் பிள்ளையாக அதை எழுதிவிட்டேன். மூன்று பேஜுக்கும் அப்படியே. ஓட்டினால் மூன்று தனித்தனி குரோம் ஜன்னல் திறக்கிறது, ஒன்றில் லாகின் ஆனது இன்னொன்றுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஓசூர்க்காரரிடம் காட்டினேன். சிரிக்கவில்லை, கேள்வி மட்டும் கேட்டார்.

"லாகின் பேஜ் ஒரு டிரைவரா?"

"இல்லை சார்."

"அதுகிட்ட டிரைவர் இருக்கணுமா?"

"இருக்கணும்."

"அப்போ உள்ளே வைங்க. வஜ்ரா ஏசி பஸ்ஸும் ஒரு பஸ், அதனால பஸ்ஸோட பிள்ளை. பஸ்ல கண்டக்டர் இருக்கார், அதுக்காக பஸ்ஸை கண்டக்டருக்குப் பிள்ளையாக்குவீங்களா?"

வஜ்ரா பஸ்ஸில் ஒரு வகை, ஆனால் மகன் அப்பாவின் ஒரு வகை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1967-இல் நார்வேயின் டாலும் நைகார்டும் சிமுலா என்ற புரோகிராமிங் மொழியில் இன்ஹெரிடன்ஸைக் கொண்டுவந்தபோது சொத்து, வாரிசு பேச்சே இல்லையாம், தாய் கிளாஸின் பெயரைப் புது கிளாஸுக்கு முன்னால் எழுதுவார்கள், அதற்கு முன்னொட்டு என்றுதான் பெயர் என்றும் போகிறபோக்கில் சொன்னார். இப்போது எல்லாப் பேஜுக்கும் பொதுவான பேஸ் பேஜ் கிளாஸ் ஒன்று, அதற்குள் டிரைவர், லாகின் பேஜ் அதன் பிள்ளை. ஒரே ஜன்னல்.

தாய் கிளாஸின் மெத்தடை அழைக்க உதவும் சூப்பருக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கினார்கள், அது போதாது. வஜ்ராவுக்குத் தனி இனிட் எழுதி சூப்பரை அழைக்க மறந்தால் பஸ்ஸின் இனிட் ஓடாது, நம்பர் பிளேட்டைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று அட்ரிபியூட் எரர். இதை நானே முட்டி மோதிக் கண்டுபிடித்தேன். ஏசி பாதி நாள் ஓடாது, 24 பேருக்கு 15 கம்ப்யூட்டர், லேப்டாப் கொண்டுபோவது நல்லது.

ஐந்துக்கு மூன்று. சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் ஐந்தாவது வாரத்தை யார் எடுக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.