கோவை ஜங்ஷனா, போத்தனூரா? இருபது வருடப் பயணியின் பதில்

விசாகப்பட்டினத்தில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் நேற்று ராத்திரி கேட்டான்: "டேய், அடுத்த மாசம் குடும்பத்தோட வர்றோம். ரெண்டு கேரளா வண்டியில சீட் இருக்கு. ஒண்ணு கோயம்புத்தூர் ஜங்ஷன் வருது, இன்னொண்ணு போத்தனூரோட சரி. எதுல போட?"

போத்தனூர் கோவையின் தெற்கே இருக்கும் இன்னொரு ஸ்டேஷன். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். இருபது வருடமாக ஜங்ஷனில் ஏறி இறங்குகிறவனிடம் இதைக் கேட்டது அவன் தப்பு.

ஆறு பிளாட்பாரம், முன்பக்கம் ஸ்டேட் பேங்க் ரோடு, பின்பக்கம் கூட்ஸ் ஷெட் ரோடு, காலையில் வந்தே பாரத், ராத்திரி சென்னைக்குச் சேரனும் நீலகிரியும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுகிறேன். நான் சொல்ல வருவது காற்றைப் பற்றி.

ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து நேராக இந்த ஊர் மேல் வந்து விழும். ஊருக்குள் கட்டடங்கள் அதை மறித்துவிடும். தண்டவாளப் பக்கம் மறிக்க என்ன இருக்கிறது? பிளாட்பாரத்தின் தெற்குக் கோடியில், கூரை முடிந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். காலி பேப்பர் கப்புகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். டீ வாங்கினால் இரண்டாவது வாய்க்குள் மேலே ஆடை படிந்து, காற்றில் அது சுருங்கிச் சுருங்கி ஒரு ஓரமாய்ப் போய் ஒட்டிக்கொள்ளும். வேட்டி கட்டி வந்தவர்கள் பாடு திண்டாட்டம். என் மாமியார் சென்னைக்காரர். கோவையில் அவருக்கு எதுவும் பிடிக்காது, சாம்பார் உட்பட. ஒரு ஆடி மாதம் சேரனில் ஏற்றிவிடப் போனபோது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றவர் சொன்னார்: "காத்து மட்டும் நல்லா இருக்கு மாப்பிள்ளை." பதினாலு வருடத்தில் இந்த ஊருக்கு அவர் கொடுத்த ஒரே சர்டிஃபிகேட். அதற்கப்புறம் வண்டிக்கு அரை மணி முன்னாலேயே போய் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இன்னொன்று மேட்டுப்பாளையம் பாசஞ்சர். பத்து ரூபாய் டிக்கெட். துடியலூர் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் மலை வந்து உட்கார்ந்துகொள்ளும், காரமடை வரைக்கும் போகாது. ஊட்டி மலை ரயிலுக்கு இடம் கிடைக்காதவர்கள் இதில் போய் வரலாம். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, இப்போது போத்தனூர்.

வடக்கேயிருந்து கேரளா போகும் வண்டிகளில் சில, இருகூரோடு ஊரை விட்டு விலகி நேரே போத்தனூர் போய்விடும். பீளமேடு, வடகோவை, ஜங்ஷன் எதற்கும் வராது. இது தெரியாமல் ஒருமுறை விஜயவாடாவில் ஏறினேன். டிக்கெட்டில் போத்தனூர் என்றுதான் தெளிவாக அச்சாகியிருந்தது, குற்றம் என் கண்ணில். போத்தனூர் தாண்டினால் கோவை வந்துவிடும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். பக்கத்து பெர்த் சேட்டன்தான் "இது கோயம்புத்தூருக்குள்ள போகாது சாரே, இங்கயே இறங்கிக்கோ" என்று தள்ளாத குறையாக இறக்கிவிட்டார். மணி ராத்திரி இரண்டே முக்கால். வெளியே ஒரே ஒரு ஆட்டோ. அவர் சொன்ன வாடகையைக் கேட்டு, அங்கேயே ஒரு பெஞ்சில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். இரும்பு பெஞ்ச். இடுப்பு இன்னும் மறக்கவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். போத்தனூர்தான் மூத்தது. 1862-இல் சென்னையிலிருந்து வந்த பாதை போத்தனூர் வழியாகத்தான் மேற்கே போனது. கோயம்புத்தூர் அப்போது தண்டவாளத்துக்குத் தள்ளியிருந்த ஒரு ஊர். 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான் நம் ஸ்டேஷனே வந்தது. பீளமேடு வழியாக இருகூரை இணைத்ததெல்லாம் ரொம்பப் பிற்பாடு. ஆக, சுற்றுவழி நம்முடையது, நேர்வழி அவர்களுடையது. தூரமும் அதில் குறைவு. ஜங்ஷனில் இருக்கிற ஆறு பிளாட்பாரத்தில் எத்தனை வண்டியைத்தான் நிறுத்துவார்கள்? போதாததற்கு 2007-இல் சேலம் ரயில்வே கோட்டம் பிரிந்தபோது ஜங்ஷன் சேலத்துக்குப் போனது, போத்தனூர் பாலக்காட்டுக் கோட்டத்திலேயே நின்றுவிட்டது. ஒரே ஊரின் இரண்டு ஸ்டேஷன், பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு வீடு. கணக்கெல்லாம் சரிதான். ராத்திரி இரண்டே முக்காலுக்கு அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதனால் இத்தனை வருடமாக யார் கேட்டாலும் நான் சொன்னது ஒன்றுதான்: ஜங்ஷன் வருகிற வண்டியில் மட்டும் ஏறு, இல்லாவிட்டால் ஒரு நாள் தள்ளி வா. இறங்கினால் எதிரே கீதா ஹால் ரோடு முழுக்க லாட்ஜ். நடந்தால் பெரிய ஆஸ்பத்திரி. காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் வாசலிலேயே பஸ். ஊருக்கு நடுவில் இப்படி ஸ்டேஷன் வாய்த்த ஊர்கள் குறைவு.

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இதுதான் என் பதில்.

அன்று பாலக்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. செல்வபுரத்திலிருந்து நான், மனைவி, மடியில் சீர்த்தட்டோடு அத்தை. ஆட்டோ டவுன்ஹால் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. லங்கா கார்னர் பாலத்தடிக்கு வந்தால் ஒரு பஸ் நடுத்தண்ணீரில் நிற்கிறது. முன்னால் போன ஸ்கூட்டர்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார், தண்ணீர் அவர் முட்டிக்கு மேலே. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"உட்டா நடுவுல நின்னுருமுங்க. வடியட்டுமுங்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மழை உட்டாத்தான் சொல்ல முடியுமுங்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன். கூப்பிடு தூரம். பின்பக்கமாகத் திருப்பலாம் என்றால் எங்களுக்குப் பின்னால் ஒப்பணக்காரத் தெருவே வந்து நின்றது. பத்து நிமிடம் போயிருக்கும். தலைக்கு மேலே பாலம் தடதடவென்று அதிர்ந்தது. ஜங்ஷனிலிருந்து கிளம்பிப் போத்தனூர் பக்கம் போகிற வண்டி இந்தப் பாலத்து மேல்தான் போகும். வெளிச்சமான ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ப் போயின.

"ஏங் கண்ணு, அது நம்ம வண்டியா?" என்றார் அத்தை.

நான் ஒன்றும் பேசவில்லை. தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பைத் துணியால் மூடினார். மழை விட்ட பிறகு உக்கடம் போய்ப் பஸ் பிடித்தோம். கேரள எல்லை வாளையாரில் வேறு வரிசை. போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது.

அதனால், டேய், நீ போத்தனூர் வண்டியிலேயே போடு. அடுத்த மாசம் ஐப்பசி, மழை நிற்காது. காற்றும் இருக்காது, அது ஆடியோடு சரி. எத்தனை மணிக்கு வண்டி வந்தாலும் நானே கார் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன், அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடாதே. திரும்பிப் போக மட்டும் ஜங்ஷனிலிருந்தே போடு. மத்தியான வண்டியாகப் பார். மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும்.