திபெத் பீடபூமி: சுவரா, அடுப்பா?

கிளைமேட் மாடலில், அதாவது வளிமண்டலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கணினி நிரலில், ஒரு மலையைத் தகர்க்க வெடிமருந்து வேண்டாம், ஒரு கோப்பில் சில எண்களை மாற்றினால் போதும். எந்த எண்களை என்பதில்தான் சண்டை. தெற்காசியப் பருவமழைக்குத் திபெத் எதற்குத் தேவை என்று கண்டுபிடிக்க இதுவரை முக்கியமாக மூன்று விதமாக வெட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழி, எல்லாவற்றையும் தரைமட்டம் ஆக்குவது. 1975இல் ஹானும் மனாபேயும் (2021இல் இயற்பியல் நோபல் வாங்கிய அதே மனாபேதான்) மாடலை மலையோடு ஒரு முறை, மலையே இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்கள். மலை போனதும் பருவமழையின் காற்றழுத்தத் தாழ்வு வெகு வடக்கே போய் உட்கார்ந்துகொண்டது. மலை வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் உயரம், சூடு, தடுப்பு மூன்றும் ஒரே வெட்டில் போனதால், எது வேலை செய்தது என்று இதில் பிரித்துச் சொல்ல முடியாது. நாலாயிரம் மீட்டருக்கு மேலே வெயிலில் காயும் பீடபூமி, நடு வளிமண்டலத்தைச் சூடாக்கும் அடுப்பு என்ற விளக்கம்தான் ரொம்ப நாள் பாடப்புத்தகங்களில் இருந்தது.

2010இல் பூஸ், குவாங் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த அடுப்பைத் தூக்கிவிட்டார்கள். இமயமலையையும் ஒட்டிய தொடர்களையும் மெல்லிய சுவராக விட்டுவிட்டு, பின்னாலிருந்த பீடபூமியை மட்டும் வழித்தெடுத்தார்கள். பருவமழை பெரிதாக அசையவில்லை! வடக்கின் குளிர்ந்த, வறண்ட காற்று இந்தியாவின் ஈரக்காற்றோடு கலக்காமல் சுவர் தடுக்கிறது, அது போதும் என்றார்கள்.

2012இல் வூ குவோசியாங் குழு நேர் எதிராகப் போனது. மலைகள் அப்படியே நிற்கும், ஆனால் தரையின் சூடு நேரடியாகக் காற்றுக்கு ஏறாது. பருவமழையின் வடபகுதி காணாமல் போனது. இமயச் சரிவுதான் அடுப்பு, நீங்கள் அதை விட்டுவைத்ததால்தான் மழை தப்பியது என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இரண்டாவது வெட்டுதான் பிடிக்கும். சுவருக்கும் சரிவு உண்டு என்பது நியாயமான குறைதான். ஆனால் வெயிலில் காய்ந்தும் காற்றைச் சுடாத தரை உலகில் எங்கே இருக்கிறது? போதாததற்கு, மேட்டின் சூட்டை அணைப்பதற்குச் சற்றும் குறையாமல் சமவெளியின் சூட்டை அணைப்பதும் மழையைப் பாதிக்கிறது என்று 2013இல் பூஸும் குவாங்கும் காட்டினார்கள்.

சரி, நீங்களே வெட்டப் போகிறீர்களா? உயரத்தைப் பூஜ்யமாக்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாடல் பூமியைப் பிரித்துவைக்கும் கிரிட் கட்டத்துக்குள் அடங்காத கரடுமுரடைச் சொல்லும் தனி எண் ஒன்று பல மாடல்களில் உண்டு. அதை மறந்தால், திரையில் சமவெளி தெரியும், காற்றோ இன்னும் இமயத்தில் உரசுவதுபோல வேகம் குறையும். தரையில் உள்ள காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஐயாயிரம் மீட்டரில் சுமார் 540 ஹெக்டோபாஸ்கல், தரைமட்டத்தில் சுமார் ஆயிரம். இடைவெளியை நிரப்பும் காற்றை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இதே விளையாட்டை மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆட ஆசைப்பட்டால், முதலில் கிரிட் அளவைப் பாருங்கள். 100 கிலோமீட்டர் கட்டத்தில் ஆனைமுடியின் 2,695 மீட்டர் ஒரு சின்ன மேடாகக் கரைந்திருக்கும். 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் அங்கே இருக்கவே இருக்காது.