எண்ணிக்கையா, எல்லையா? மதுரை மாவட்டத் தொகுதிகளை வரைய இரண்டு வழிகள்

தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை மக்கள்தொகைக்கேற்ப மாற்றி வரையும் தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டில் பேச்சு உடனே மக்களவையில் நமக்கு எத்தனை இடம் என்பதை நோக்கித் திரும்பிவிடுகிறது. அந்தக் கவலை நியாயமானது. 1971 கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து 1976-இல் உறைய வைக்கப்பட்ட மாநில வாரியான இடங்களின் எண்ணிக்கை, 2026-க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரைதான் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் 39 மக்களவைத் தொகுதிகளும் 234 சட்டமன்றத் தொகுதிகளும் ஒன்றுகூடக் குறையாமலேயே, மாவட்டத்துக்குள் கோடுகள் இடம் மாறினால் மட்டும் என்ன ஆகும் என்பதை மதுரை மாவட்டம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. அடுத்த வரைவில் எந்த வழியைக் கேட்க வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து பேசுவதே பொருத்தமாக இருக்கும்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கெடுப்பின்படி வரைந்த எல்லைகள் 2008-இல் நடைமுறைக்கு வந்தன. மாவட்டத்தில் அதற்கு முன்பும் பத்துத் தொகுதிகள், அதற்குப் பின்பும் பத்துத் தொகுதிகள். ஆனால் சேடபட்டியும் சமயநல்லூரும் தொகுதிப் பட்டியலிலிருந்து மறைந்தன. மதுரை வடக்கு, மதுரை தெற்கு என்று நகரத்துக்குள் இரண்டு புதிய பெயர்கள் வந்தன. சமயநல்லூர் தனித்தொகுதியாக இருந்த நிலை மாறி, சோழவந்தான் தனித்தொகுதியானது. 1991-இல் சட்டப்பேரவைத் தலைவரையே அனுப்பிய சேடபட்டி, இப்போது வேறு தொகுதிகளுக்குள் கரைந்த ஒரு பகுதி.

முதல் வழி, எண்ணிக்கையை முதலில் வைப்பது. அரசமைப்புச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, மாநிலம் முழுவதும் ஒவ்வொரு தொகுதிக்கும் உள்ள மக்கள்தொகை இயன்றவரை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிறது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2021 தேர்தலில் மதுரை கிழக்கின் வாக்காளர்கள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். மதுரை தெற்கிலோ இரண்டரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. மதுரை கிழக்கைச் சேர்ந்த ஒத்தக்கடையிலும் ஊமச்சிகுளத்திலும் புதுக் குடியிருப்புகள் பெருகிக்கொண்டே போக, மாசி வீதிகளைச் சுற்றிய பழைய வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவருவதால், இந்த இடைவெளி அடுத்த கணக்கெடுப்பில் இன்னும் விரியவே வாய்ப்பு அதிகம். ஒத்தக்கடைக்காரரின் ஓட்டுக்குத் தெற்குவாசல்காரரின் ஓட்டைவிட மதிப்புக் குறைவு என்று யாரும் நேருக்கு நேர் சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது பெரும்பாலும் மேற்கத்திக் கிராமங்கள். மாவட்ட மக்கள்தொகை 2001-இல் 25.78 லட்சம், 2011-இல் 30.38 லட்சம், மாநிலச் சராசரியால் வகுத்தால் முறையே 9.67, 9.85 என்று வருகிறது. ஆகவே பத்தாவது தொகுதிக்கு ஆபத்தில்லை. ஆபத்து உள்ளுக்குள்தான். 2011-லேயே மாவட்டத்தில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறவாசிகள். எண்ணிக்கையை மட்டுமே பார்த்துக் கோடு போட்டால், உசிலம்பட்டியும் திருமங்கலமும் மேலும் மேலும் பரந்து விரிய, நகரைச் சுற்றிய தொகுதிகள் சுருங்கிக்கொண்டே வரும்.

இரண்டாவது வழி, வட்டம், ஊராட்சி ஒன்றியம், உள்வட்டம் (வட்டத்துக்குள் சில கிராமங்கள் சேர்ந்த பிர்கா) ஆகிய நிர்வாக எல்லைகளை முதலில் வைத்து, எண்ணிக்கையை அதற்குள் சரிசெய்வது. இதுவும் சட்டத்துக்குப் புறம்பானதல்ல. 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம், தொகுதி நிலவியல் ரீதியாக ஒருசேர அமைய வேண்டும் என்பதோடு, இயற்கை அமைப்பு, இருக்கும் நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. சராசரியிலிருந்து பத்து சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்ற வழிகாட்டுதலைக் கடந்த ஆணையமே வைத்துக்கொண்டது.

இந்த எல்லைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எழுமலைப் பேரூராட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பட்டா மாற்றத்துக்கும் வருமானச் சான்றுக்கும் அந்த ஊர்க்காரர் போக வேண்டியது பேரையூர் தாலுகா ஆபீஸ். எம்.எல்.ஏ.வோ உசிலம்பட்டித் தொகுதிக்காரர். எம்.பி. தேனித் தொகுதிக்காரர். கலெக்டர் மதுரையில். அதே பேரையூர் வட்டத்தில் உள்ள டி.கல்லுப்பட்டிக்காரருக்கு எம்.எல்.ஏ. திருமங்கலத்தில், எம்.பி. விருதுநகருக்கு. ஒரே தாசில்தாரிடம் இரண்டு எம்.எல்.ஏ.க்களும் இரண்டு எம்.பி.க்களும் வருகிறார்கள், அந்த வட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பேச எவருக்கும் பொறுப்பில்லை. மழை பொய்த்த ஆண்டில் வட்டம் முழுவதையும் வறட்சிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் குரல் கொடுப்பதற்கும், தன் தொகுதிக்குள் வரும் பாதிக்கு மட்டும் குரல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மானாவாரி விவசாயிக்கு நன்றாகவே தெரியும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, மாவட்டத்தின் 420 ஊராட்சிகளும் 13 ஒன்றியங்களும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் இதே நிலைதான். ஊராட்சித் தலைவரும் கவுன்சிலரும் இல்லாத காலத்தில், கிராமத்து மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களில் மாநில அரசிடம் அவர்களுக்காகப் பேச மிச்சமிருப்பவர் எம்.எல்.ஏ. ஒருவர்தான். அவருடைய தொகுதி எத்தனை மைல் அகலம், எத்தனை தாலுகா ஆபீஸ்களில் சிதறிக் கிடக்கிறது என்பது அப்போது வெறும் நிர்வாக விவரமாக இருப்பதில்லை.

மூன்றாவதாக, கோடுகளை இப்படியே விட்டுவிடலாம் என்ற வாதமும் உண்டு. மாநிலங்களுக்கு இடையே இடங்களின் எண்ணிக்கையை உறைய வைப்பதற்கு அது பொருந்தும், மாவட்டத்துக்குள் பொருந்தாது. மதுரை கிழக்கின் நிலையை இன்னொரு தலைமுறைக்கு நீட்டிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

மக்களவைத் தொகுதிகளுக்கு வந்தால் இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள இழுபறி இன்னும் கடுமையாகிறது. 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் தலைக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பத்துத் தொகுதிகள் கொண்ட மாவட்டம் ஒரே எம்.பி.யிடம் அடங்கவே முடியாது. அதற்காக மூன்றாக உடைய வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்று மேலூரும் நகரை ஒட்டிய ஐந்தும் மதுரையில், சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியில், திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகரில் இருக்கின்றன. திருப்பரங்குன்றம் தொகுதியில் உள்ள திருநகர்க்காரர் 2011 முதல் மதுரை மாநகராட்சியின் நூறு வார்டுகளுக்குள் வருகிறார், மதுரை மேயரிடம் மனுக் கொடுக்கிறார், ஆனால் விருதுநகர் எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறார். 2008-க்கு முன் திருப்பரங்குன்றம் மதுரை மக்களவைத் தொகுதியில்தான் இருந்தது. தோப்பூர் எய்ம்ஸ் ஊர் அறிய மதுரை எய்ம்ஸ். அது நிற்கும் மண்ணோ விருதுநகர் தொகுதிக்கு உரியது. அதற்காக இரண்டு எம்.பி.க்களும் குரல் கொடுப்பது நல்லதே. ஆனால் அது அவரவர் அக்கறையைப் பொறுத்து நடப்பது, எல்லை அமைப்பு உறுதி செய்தது அல்ல.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உசிலம்பட்டி தேனியோடு இருப்பதில் பொருள் உண்டு. வைகை அணையிலிருந்து வரும் 58 கிராமக் கால்வாய் உசிலம்பட்டிப் பகுதிக்கானது. அணையும் பாசனப் பகுதியும் ஒரே எம்.பி.யின் தொகுதிக்குள் இருக்கின்றன. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என்று போகும் ரயில் பாதையும் அப்படித்தான். ஆகவே மாவட்ட எல்லை ஒன்றே வேதம் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. தண்ணீரும் தண்டவாளமும் போகும் வழியையும் பார்க்க வேண்டும்.

பெரியாறு கால்வாயில் இதற்கு நேர்மாறான நிலை. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோகம். அதற்கப்பால் மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஒருபோகம். தலைமடையில் இருக்கும் வாடிப்பட்டி, அலங்காநல்லூர் தேனித் தொகுதியில், கடைமடை மேலூர் மதுரையில், திருமங்கலம் விருதுநகரில். தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்காரரின் கோபத்துக்கும் தலைமடைக்காரரின் பயத்துக்கும் நடுவில் நின்று இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய எம்.பி. எவரும் இல்லை.

என் கணிப்பில், சட்டமன்றத் தொகுதிகளுக்கு இரண்டாவது வழியே மேல்: மதுரை கிழக்கின் மிகுதியை நகரத்துக்குள்ளிருக்கும் தொகுதிகளுக்குப் பகிர்ந்து, பத்து சதவீதச் சலுகையை மேற்கத்திக் கிராமங்களுக்கு ஒதுக்கி, பேரையூர் வட்டத்தை ஒரே தொகுதியில் வைக்க வேண்டும். மக்களவைக்கு, மாநகராட்சி எல்லை உடையாமல் இருப்பதே முதல் நிபந்தனையாக வேண்டும். திருப்பரங்குன்றம் மதுரைக்குத் திரும்பினால் ஒரு தொகுதி வெளியே போயாக வேண்டும்; அது மேலூராக இருந்தால், சிவகங்கைப் பக்கம் போகும் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்று திருநகர்க்காரர் படும் அதே சங்கடம் வரும். அதை அவர்களிடம் கேட்காமல் முடிவு செய்வது தவறு.

கேட்பதற்கு ஒரு கட்டம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆணையம் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, பொது அமர்வு நடத்திய பிறகே இறுதி ஆணை வெளியிட வேண்டும். மாநிலத்துக்குப் பத்து எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக உட்கார்ந்தாலும் அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றம் தலையிடும் வாய்ப்பும் மிகக் குறுகியது. எனவே உள்வட்ட வரைபடம், ஒன்றிய மக்கள்தொகை, கால்வாய் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) விவரம் ஆகியவற்றோடு கூடிய மனு அந்த அமர்வுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். விவசாயச் சங்கங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் அந்தத் தாள்களை வட்டாட்சியர் அலுவலகங்களிலிருந்து இப்போதே கேட்டு வாங்கத் தொடங்கலாம்.