முக நரம்பு வலிக்கு ‘நிரந்தரத் தீர்வு’: பணம் கட்டும் முன் படியுங்கள்

முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டி இழுக்கும் வலிக்கு, ‘மாத்திரை வேண்டாம், அறுவை வேண்டாம், நிரந்தரத் தீர்வு’ என்று விளம்பரம் செய்யும் சிகிச்சை மையம் ஒன்றில் அம்மாவுக்காகப் பெருந்தொகை கட்டி ஏமாந்தோம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இதே வித்தையை எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழும் காட்டலாம் என்பதால், நடந்ததை எழுதுகிறேன்.

வலி கீழ்த்தாடையில் வந்ததால் முதலில் பல் மருத்துவரிடம்தான் போனோம். எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை. இருந்தும் வேர் சிகிச்சை செய்தார். வலி நிற்கவில்லை என்றதும் அந்தப் பல்லையே பிடுங்கினார். பக்கத்துப் பல்லுக்கும் நாள் குறித்தார். அம்மாவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். பல்வலிக்காரர் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அம்மாவோ உள்ளங்கையைக் கன்னத்தருகே கொண்டுபோவார், தொடமாட்டார். மின்விசிறிக் காற்று பட்டாலே பாதிச் சொல்லில் பேச்சு நின்றுவிடும். சில நொடிகள்தான், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பார். பல் துலக்கப் பயம், முகம் கழுவப் பயம். வலி மிகுந்த நாட்களில் காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் பேசினார்.

குடும்ப மருத்துவர் கேட்டவுடனே சந்தேகித்தார்: டிரைஜெமினல் நியூரால்ஜியா. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளைகளாகப் பிரியும் ஐந்தாம் மூளை நரம்பின் நோய். பெரும்பாலும், மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்தி அதன் மேலுறையைச் சிதைத்துவிடுகிறது. உறை போன நரம்பில் லேசான தொடுகைகூட வலியாகப் பாய்கிறது. சாதாரண வலிமாத்திரைக்கு இது கட்டுப்படாது. கார்பமசெபின் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதிக்கொடுத்து, நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

அந்த இடைவெளியில்தான் மையம் நுழைந்தது. மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்த ‘நிபுணர்’, “இது வலிப்பு நோய் மாத்திரை. உங்களுக்கு வலிப்பா வருகிறது அம்மா?” என்று கேட்டார். வலிப்பு நோய்க்குத் தரும் மருந்துதான். 1960களிலிருந்து இந்த முக வலிக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள், இன்றும் முதல் தேர்வு அதுவே என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, ‘நரம்புப் புத்துயிர்ப்பு’ என்று ஒரு தொகுப்பை விற்றார்கள். முழுப்பணமும் முன்கூட்டியே. ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில்: திருப்பித் தரப்படாது.

வலி நின்றது. இந்த நோயின் பொல்லாத குணமே அதுதான். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தானாகவே ஓய்ந்துவிட்டுத் திரும்ப வரும். ஓய்ந்த நேரத்தில் யார் கையில் சிக்கியிருக்கிறோமோ, பெயர் அவருக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அம்மாவை உட்காரவைத்து வீடியோவும் எடுத்துக்கொண்டார்கள். வலி திரும்பியபோது ‘நச்சு வெளியேறுகிறது’ என்றார்கள். அது எடுபடாதபோது ‘அடுத்த நிலைத் தொகுப்பு’ என்றார்கள்.

கடைசியில் பார்த்த நரம்பியல் மருத்துவர், கட்டியோ, நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோ இல்லை என்று எம்ஆர்ஐயில் உறுதி செய்துகொண்டார். ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் உள்ள ஒரு மரபணு வகை, இந்த மாத்திரையால் தோலில் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்தார். பிறகுதான் மாத்திரையைத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார். தலைசுற்றல் வரலாம், ரத்தத்தில் சோடியம் குறையலாம், தடிப்பு தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று எச்சரித்தார். மருந்து போதாவிட்டால் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி நடுவே சிறு திண்டு வைக்கும் அறுவை உண்டு. அதைத் தாங்க முடியாதவர்களுக்குக் காமா கத்தி எனும் கதிர் சிகிச்சையும், ஊசி வழியே நரம்பைச் சூடாக்கும் முறையும் உண்டு. அறுவைக்குப் பிறகும் சிலருக்கு வலி திரும்பும், ஒரு காது மந்தமாகலாம் என்பதையும் அவரே சொன்னார். ‘நிரந்தரம்’ என்ற வார்த்தை அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை.

பணம் இன்னும் திரும்பவில்லை. வீடியோவை நீக்கச் சொல்லி எழுதியதற்கும் பதில் இல்லை. ‘ஒரே வாரத்தில் வலி போய்விட்டது’ என்று ஒரு வயதான பெண்மணி சிரித்துச் சொல்லும் வீடியோ உங்கள் கண்ணில் பட்டால், அதன் பிறகு அவர் அதே மையத்தின் வரவேற்பறையில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.